கூறைச் சட்டையில் நகர்ந்த மணி

இன்று காலை ஒரு பெண் தன் தாயின் பழைய கலியாணக் கூறைச் சட்டையைப் பெருப்பித்துத் தரச் சொல்லிக் கொண்டுவந்தாள். "முதுகிலை உள்ள மணியளை மட்டும் தொட வேண்டாமாம் அன்ரி. அம்மா சொன்னவ." அவள் போனதும் தனியே நின்று சத்தமாகச் சிரித்தேன். நீ கண்மூடி ஒரு வருடமாகப் போகிறது, சிநேகிதி. இந்தச் சிரிப்பை வேறு யாரிடம் கொண்டுபோவேன்?

போர்க்காலத்தில் மின்சாரமில்லாத அந்த மார்கழியில், தை மாதக் கலியாணங்களுக்காக நாம் இருவரும் ஒரே மேசையில் விழுந்தடித்துத் தைத்துக்கொண்டிருந்தோம். பூமிக்குப் பக்கத்தால் ஒரு சிறுகோள் போகிறது என்று பத்திரிகையில் வாசித்ததிலிருந்து உனக்குக் கை ஓடவில்லை. கப்பலில் வேலை செய்த உன் அப்பாவின் பழைய தொலைநோக்கியைத் துடைத்து எடுத்தாய்.

"வானத்து வெள்ளியள் ஒண்டுக்கொண்டு இடம் மாறாது. ரெண்டு நாள் குறிச்சுப் பாத்தா, நகந்தது எதுவோ அதுதான் கல்லு."

எழுதக் கொப்பிக்கும் தட்டுப்பாடு. நம்மிடம் இருந்தது பூவேலைத் தாள்தான். அதில் ஊசியால் துளையிட்டு, துணிமேல் வைத்துச் சோக்குத்தூள் தேய்த்தால், புள்ளி விழுந்த இடமெல்லாம் மணி தைப்போம். நீ நட்சத்திரங்களையும் அப்படியே குத்திவைத்தாய். உன் கண்ணளவு நூல் பிசகாது.

மறுநாள் காலை மேசையில் கிடந்த தாளைக் கலியாணச் சட்டைக்கான வேலை என்று நினைத்தேன். இதென்ன இவள் பூவை இப்படிச் சிதறவிட்டிருக்கிறாள் என்று உன்னைத் திட்டிக்கொண்டே சட்டையின் முதுகில் மணி தைத்தேன். தாளைக் கொண்டு அடுப்பும் மூட்டினேன். பின்னேரம் கலியாண வீட்டார் சட்டையைத் தங்கள் ஊரான மானிப்பாய்க்கு எடுத்துப்போய்விட்டார்கள்.

அடுத்த நாள் இரண்டாவது தாளோடு வந்தாய்.

"முதல் தாள் எங்கையடி?"

"அடுப்புக்குள்ளை."

உன் கண் நிறைந்துவிட்டது. "மழை மூடுது. இனி எப்ப காணப்போறன்?"

எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. "அழாதை! உன்ரை வானம் மானிப்பாயிலை ஒரு சட்டையிலை கிடக்கு."

ஒரே சைக்கிளில் இருவரும் பறந்தோம். கலியாண வீட்டுக் கட்டிலில் சட்டையை விரித்து அதன்மேல் உன் தாளை வைத்தாய். துளைக்குத் துளை மணி எட்டிப் பார்த்தது. ஒரு துளை மட்டும் வெறுமை. இரண்டு விரல் தள்ளி, துளையில்லாத இடத்தில் ஒரு மணி தாளுக்கடியில் முட்டிக்கொண்டு நின்றது.

"நகந்திட்டுதடி!" கலியாணப் பெண்ணின் தாயைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாய்.

அந்த மனுசி பயந்துபோனா. "ஏன் பிள்ளையள், பிழையெண்டால் அந்த மணியைக் கழட்டுங்கோவன்."

விசயத்தைச் சொன்னதும் கலியாணப் பெண் முந்திக்கொண்டாள். "கழட்ட வேண்டாம். போன இடத்திலையும் ஒண்டு வையுங்கோ அக்கா."

வைத்தோம். திரும்பும் வழியில் இன்னொரு மணியை என் கையில் அழுத்தினாய். "அது திரும்பி வரும். அப்ப பாத்துக் குறிப்பம்."

இன்று பக்கத் தையலை மட்டும் பிரித்துப் பெருப்பித்தேன். வானத்தை அண்ணாந்தே பாராத நான், இப்போதெல்லாம் இருட்டியதும் உன் தொலைநோக்கியோடு முற்றத்தில் இறங்கிவிடுகிறேன். நீ அன்று தந்த அந்த மணி என் கைக்குள் இருக்கிறது.