என்ர முறுக்கு

ஜூன் 16, திங்கள்

விடியவே மழை. ரயில் பதினைஞ்சு நிமிசம் லேட். வெள்ளவத்தை ஸ்டேசனில அலை தண்டவாளம் வரைக்கும் அடிச்சுது. சப்பாத்து நனைஞ்சு நாறுது. இரத்மலானையில இறங்கி, பிளேன் திருத்துற எங்கட ஹாங்கர் வரைக்கும் ஈரக் காலோட நடை.

செய்ய: டயர் ரெண்டு. பற்றரி. மனிசி தர்ஷினிக்கு இடியப்ப மா. காஸ்காரனுக்கு கோல்.

சனிக்கிழமை வேலைக் கார்ட்டுகளை ஃபைல் பண்ண எடுத்தன். சின்னவள்ர வால் வேலை. (பன்னிரண்டு பேர் ஏறுற பிளேன். எங்களுக்கு அவள் சின்னவள்தான்.) பதினாலு படி. பதினாலுக்கும் என்ர சீல், என்ர கையெழுத்து, நேரம்.

அந்த வேலையைச் செய்த ஞாபகம் எனக்கு இல்லை.

களைப்பா இருக்கும். ரெண்டு பேர் கட்டாருக்குப் போன பிறகு அவங்கட வேலையும் என்ர தலையிலதானே. தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து திரும்பப் பார்த்தன். கையெழுத்து என்ரதுதான். சனி மத்தியானம் சாப்பிட்ட மீன்குழம்பு கூட ஞாபகம் இருக்கு.

மா வாங்க மறந்திட்டன். ஏச்சு.

ஜூன் 17, செவ்வாய்

நிமலிட்டக் கேட்டன். ஒம்பது வருசமா என்னோட வேலை செய்யிற சிங்களப் பெடியன், இப்ப அவனுக்கும் தலை நரைச்சிட்டுது. வால் வேலையில நான் முடிச்சா அவன் பார்த்துக் கையெழுத்து வைக்கோணும். ரெண்டு பேர்ர கண் படோணும் எண்டது சட்டம்.

சிரிச்சான். "வாலுக்குள்ள புகுந்திருந்தாய், கால் மட்டும்தான் வெளியில. கார்ட்டை ஒவ்வொரு படியா சத்தமா வாசிச்சுக்கொண்டிருந்தாய். தேத்தண்ணிக்குக் கூப்பிட்டன், 'இன்னும் முடியேல்ல' எண்டாய். தமிழில." அந்த ரெண்டு சொல்லையும் என்ர குரலிலயே சொல்லிக் காட்டினான். 

"நீ உள்ள எட்டிப் பார்த்தனியா?"

தலையைச் சொறிஞ்சான். "ஒயா அத்சன் களானம் மட்ட ஹரி."

நான் கையெழுத்து வைச்சா அவனுக்குப் போதுமாம். ஏச வாய் வந்துது, ஏசேல்ல. ஹாங்கர் முழுக்க அப்பிடித்தான். அந்த ஆள் நச்சரிப்புப் பிடிச்ச ஆள், அவன் பார்த்தா சரி, திரும்பப் பார்க்கத் தேவையில்லை எண்டு என்னைப் பற்றிச் சொல்லுவினம். அதில எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பெருமை. இங்கயாவது உண்மையை எழுதுவம்.

வீட்டை வந்தா பால்கனி கிறில் கொக்கியில லொக்வயர். நட் கழராம இருக்க நாங்கள் முறுக்கிக் கட்டுற கம்பி. நுனி கையைக் கிழிக்காம மடிச்சு விட்டிருக்கு. முறுக்கு வழமைக்கு மற்றப் பக்கம். ஹாங்கரில இடக்கையன் நான் ஒருத்தன்தான்.

"ஆர் கட்டினது?"

தர்ஷினி என்னை ஒருமாதிரிப் பார்த்தா. "நீங்கள்தானே காலமை கட்டினீங்கள். கூப்பிட்டனான், திரும்பியும் பார்க்கேல்ல. கோவமாக்கும் எண்டு விட்டிட்டன்."

ஜூன் 18, புதன்

லீவு. வெயில், நல்ல காத்து. கம்பியை இன்னும் வெட்டேல்ல, தொட மனம் வரேல்ல.

பத்தே முக்காலுக்குச் சின்னவள் வீட்டுக்கு மேலால வடக்கை போனாள். சத்தத்தை வைச்சே சொல்லுவன். கிறிலுக்குள்ளால பார்த்துக்கொண்டு நிண்டன். பிறகு தர்ஷினியிட்டச் சொன்னன். பைலட் கைப்பிடியை இழுத்தா மூக்கு மேல எழும்புறது வாலுக்குள்ள இருக்கிற ஒரு தடியால. அந்தத் தடியின்ர நட்டில ஒரு பின் குத்தி வளைக்கோணும். குத்தினனோ தெரியாது. நட் கழண்டா தடி விழும், அவ்வளவுதான்.

"அப்ப சொல்லுங்கோவன்."

"சொன்னா சீல் வைக்கிற உரிமை போயிடும். வேலையும் சேர்ந்து போகும்."

கறி அடுப்பில. அகப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைச்சா. "அதில இண்டைக்கு ஆர் ஆர் ஏறினவை?"

"எனக்கெங்க தெரியும்."

"போன் நீங்கள் எடுக்கிறீங்களோ, நான் எடுக்கட்டோ?"

ஹாங்கருக்குப் பொறுப்பான சீஃபுக்கு எடுத்தன். எல்லாத்தையும் சொன்னன். "இன்னும் மேலதான் இருக்கிறாள்" எண்டார்.

11.55 இறங்கிட்டாள் எண்டு மெசேஜ். பயணிகளுக்கு வேற பிளேன். எங்கட ஆள் ஒருத்தன் அங்க போய் பின்னை மட்டும் பார்த்து, இருக்கு எண்டு சொன்ன பிறகு வெறுமையாக் கொண்டு வந்தவை. அவள் இறங்கும் வரைக்கும் அந்த ஒரு மணித்தியாலம் எப்பிடிப் போச்சுதெண்டு எழுதத் தெரியேல்ல. 

ஜூன் 19, வியாழன்

வானம் மூடல். சீஃப், நிமல், நான். எனக்குத் தொட அனுமதியில்லை. வாலின்ர மூடியைக் கழட்டி நிமல்தான் டோர்ச்சோட உள்ள போனான்.

"பின் இருக்கு. வடிவா வளைச்சிருக்கு."

அப்பிடியே நிலத்தில இருந்திட்டன்.

"சீஃப், நீங்களும் ஒருக்கா வந்து பாருங்கோ." நிமல்ர குரல் மாறிட்டுது.

பின்னுக்கு மேல லொக்வயர். கார்ட்டில அப்பிடி ஒண்டும் இல்லை. டோர்ச்சை உள்ளுக்கு அடிக்க அடிக்க இன்னும் இருக்காம். ஆரும் தொடச் சொல்லாத நட், போல்ட், பைப், ஒண்டும் மிச்சமில்லை. எல்லாம் அளந்து வைச்ச மாதிரி ஒரே நீளமாம். எல்லாம் மற்றப் பக்க முறுக்கு. ஒரு கம்பியின்ர நுனி வாலைத் திருப்புற கேபிளில உரசிக்கொண்டிருந்திருக்கு. கேபிளில ரெண்டு இழை அறுந்திட்டுது.

கார்ட்டில இருக்கிற ஒண்டரை மணித்தியாலத்தில ஒரு ஆளால இவ்வளவும் கட்டேலாது எண்டு நிமல் சீஃபிட்டச் சொன்னது கேட்டுது.  நிமல் என்ர முகத்தைப் பார்க்காம வெட்டின கம்பியளை வாளியில போட்டான். வாளி நிறைஞ்சுது.

பயமா இருக்கு. வேலை போறதுக்கில்லை, எனக்கு என்னைப் பார்க்கவே பயமா இருக்கு.

ஜூன் 20, வெள்ளி

மழை. என்ர முத்திரைச் சீலைத் திருப்பிக் குடுத்திட்டன். திங்கள் டொக்டர்.

எங்கட நாலு பிளேனும் நிறுத்தியாச்சு. பைலட்மார் வாசலில சும்மா நிக்கினம். சீஃப் இந்த வருசத்தில நான் கையெழுத்து வைச்ச கார்ட் எல்லாத்தையும் மேசையில அடுக்கினார். "செய்தது உண்மையா ஞாபகம் இருக்கிறதில மட்டும் டிக் போடு. மற்றதெல்லாம் திறந்து பார்ப்பம். அவசரப்படாத. ஆக்கள்ர உயிர்."

ஒம்பதரைக்குத் தொடங்கினன். முதலாவது, சில்லு மாத்தினது. அண்டைக்கு ஜாக் சறுக்கி நிமல் கத்தினவன். ஞாபகம் இருக்கு. டிக். ரெண்டாவது, எண்ணெய் ஃபில்டர். செய்தது ஞாபகமோ, எப்பவும் அப்பிடித்தான் செய்யிறனான் எண்டது ஞாபகமோ? பேனையை வைச்சிட்டு யோசிச்சன்.

நிமல் தேத்தண்ணி கொண்டு வந்தான். "எத்தினை முடிஞ்சுது?" எண்டு அவன் கேட்டவன் எண்டு நினைச்சு, "இப்பத்தானே தொடங்கினனான்" எண்டன்.

அவன் ஒண்டும் கேட்கேல்லயாம். மணிக்கூட்டைக் காட்டினான். பன்னிரண்டு பத்து.

கார்ட்டுகளைப் புரட்டிப் பார்த்தன். கடைசிக் கார்ட் வரைக்கும் எல்லாத்திலயும் டிக். என்ர பேனை.