ஒரு கதைக்கு ஒரே ஆசிரியர்

3 மார்ச் 2025
பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகர் வட்டத்தில் இன்று என் தரவுத்தளத்தைக் குறை சொன்னாள் விஷ்ணுப்ரியா. வட்டத்தின் பழைய சிறுகதைகளைக் கைப்பேசிச் செயலியாக்கப் போகிறவள். துறைமுக அலுவலகத்தில் ஓய்வு பெற்றபின் யூடியூப் பார்த்துக் கற்று, இரண்டாயிரம் கதைகளை ஏற்றியவன் நான்.
"அங்கிள், ஒரு கதைக்கு ஒரே ஆசிரியர்னு கட்டியிருக்கீங்க. ரெண்டு பேர் எழுதுனா? புனைபெயர்னா? உடைச்சுக் கட்டணும் லா."
கதையை இரண்டு பேர் எழுதுவார்களா? அது என்ன ஊர் கூடிக் குப்பை அள்ளும் கோத்தோங் ரோயோங்கா?

5 மார்ச்
உடைக்க மாட்டேன்.

9 மார்ச்
யோசித்தேன். புனைபெயர்களுக்குத் தனி அட்டவணை வந்தால், ஒவ்வொன்றையும் உண்மையான ஆளோடு இணைக்க வேண்டும். அப்படியானால் 1984?
ஞாயிறு பத்திரிகைப் போட்டி. ஆளுக்கு ஒரு கதைதான். எல்லாரையும்போல நானும் இரண்டாவதை மனைவி நல்லம்மாள் பெயரில், அவள் கையெழுத்திலேயே நகல் எடுக்கச் சொல்லி அனுப்பினேன். என் பெயரில் போனது குப்பைக்கு. அவள் பெயரில் போனதற்கு முதல் பரிசு, ரைஸ் குக்கர். மேடையில் அவளுக்கு மாலை. நாங்கள் இருந்த பண்டமாரான் முழுக்க அவள் எழுத்தாளர். அச்சில் வந்ததை நான் வாசிக்கவே இல்லை. குக்கர் இன்னும் உழைக்கிறது. நாற்பத்தோரு வருடமாக என் கதையில் வெந்த சோற்றைத் தின்கிறேன்.
விஷ்ணுப்ரியாவுக்குச் செய்தி அனுப்பினேன்: உடைக்கலாம்.

22 மார்ச்
அட்டவணைகளைப் பிரித்தாயிற்று. முதலில் ஏற்றிய வரி: நல்லம்மாள் – புனைபெயர் – தம்புசாமி, அதாவது நான். கை கூசவில்லை.
ஒரு கதையைப் பல பேரோடு சேர்க்கும் இணைப்பு அட்டவணையும் கேட்டாள். அது மட்டும் கிடையாது.

2 ஏப்ரல்
ஏபிஐ முடிந்தது. செயலி கேட்கும், என் தரவுத்தளம் பதில் சொல்லும். துறைமுகக் கவுண்டர் மாதிரிதான். விஷ்ணுப்ரியா வீட்டுக்கே வந்து சோதித்தாள். ஆன்டியின் பெயரையே தட்டிப் பார்க்கலாம் என்று கைப்பேசியை நல்லம்மாளிடம் நீட்டினாள்.
பதில் வந்தது: நல்லம்மாள், தம்புசாமியின் புனைபெயர்.
சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
"நான் புனைபெயரா? சரிங்க. அந்தக் கதை எப்படி முடியும், சொல்லுங்க."
கிரேன் ஓட்டுபவன் லோரியில் அடிபட்டுச் சாகிறான் என்றேன்.
"அது உங்க முடிவு. அவன சாகடிக்க எனக்குக் கை வரல. வேலைய விட்டுட்டு வீட்டுக்கு வந்து சோறு கேக்குறான். நகல் எடுக்கறப்ப மாத்திட்டேன்."
விஷ்ணுப்ரியா சுவரைப் பார்த்துச் சிரித்தாள்.

3 ஏப்ரல்
தரவுத்தளத்தில் ஏற்றியிருந்த பத்திரிகைப் பக்கத்தின் படத்தைப் பெரிதாக்கி வாசித்தேன். சோறுதான் கேட்கிறான்.
நன்றாக இருக்கிறது. அதுதான் எரிச்சல். யாரக் கேட்டு மாத்துனா?

6 ஏப்ரல்
இணைப்பு அட்டவணை போட்டேன். விஷ்ணுப்ரியாவிடம் தொழில்நுட்பக் காரணம் என்றேன். ஒரே கதை, இரண்டு வரி. யார் பெயர் முதலில் என்று கேட்டாள். நல்லம்மாள். அதற்காக நான் தோற்றதாக அர்த்தமில்லை.

13 ஏப்ரல்
செயலி வெளிவந்தது. நல்லம்மாள் தன் பெயரைத் தட்டினாள். ஒரு கதை வந்தது.
"ஒண்ணுதானா?" என்றாள்.
அந்தப் போட்டிக்குப் பிறகு என் பெயரில் பதினொரு கதைகள் வந்தன. எல்லாவற்றையும் நகல் எடுத்தவள் அவள்தான். அச்சில் அங்கங்கே மாறியிருந்ததற்குப் பத்திரிகைக்காரர்களைத் திட்டி எத்தனை கடிதம் போட்டிருக்கிறேன்!
அதிலெல்லாம் கை வைத்தாயா என்று கேட்டேன். அரிசியைக் கழுவிக் குக்கரில் போட்டாள்.
அச்சோடு ஒப்பிட என் பழைய நோட்டுகளைப் பரணிலிருந்து இறக்கிவிட்டேன். இணைப்பு அட்டவணையில் எத்தனை வரி வேண்டுமானாலும் சேர்க்கலாம்.