குழலில் இருந்த தோட்டா

மார்ச் 19, வியாழன்.

தேர்தல் வருகிறதே என்று லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கப் போனேன். எனக்கு முன்னால் இரண்டு பேர். நேரம் போகாமல் துப்பாக்கிக் கதை ஓடியது. மம்சாபுரத்து முன்னாள் ராணுவக்காரர், எல்லைப் பனியில் ரைஃபிள் உறையாமல் இருக்க அதைக் கம்பளிக்குள் கட்டிக்கொண்டு படுத்ததைச் சொன்னார். செட்டியார்பட்டிக்காரர், "எங்க தாத்தா நாட்டுத் துப்பாக்கில மருந்து கெட்டிச்சு முடிக்கதுக்குள்ள பன்னி கடலைக்காட்டத் தின்னுட்டுப் போயிரும்" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். "முப்பது வருசத்துல தோட்டா போட்ட துப்பாக்கி எங்க வீட்டு வாசப்படி ஏறுனதில்ல" என்றேன்.

ஏட்டு என் துப்பாக்கியை வாங்கிக் குழலை மடக்கினார். உள்ளே தோட்டா இருந்தது.

எல்லாரும் சிரித்தார்கள். "வயசாயிருச்சுல்ல அண்ணாச்சி, மறந்திருப்பீக" என்றார் ராணுவக்காரர். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

நான் மறக்கவில்லை. பொங்கலுக்கு எண்ணெய் போட்டு, குழல் வழியாக வெளிச்சம் பார்த்துத்தான் பீரோவில் வைத்தேன். சாவி இருக்கும் இடம் எனக்கும் மகன் ஜெபராஜுக்கும்தான் தெரியும். அவன் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு தாய்வீடு போனதிலிருந்து அவன் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

கேட்டுவிட வேண்டும் என்றுதான் ராத்திரி அவனோடு சாப்பிட உட்கார்ந்தேன். அதற்குள் அவன் கேட்டான்.

"துப்பாக்கிய எப்பப்பா திருப்பித் தருவாங்க?"

பிறந்ததிலிருந்து அவன் அதைப் பற்றிக் கேட்டதே இல்லை.

"ஓட்டு எண்ணி முடிச்ச பொறவுதாம்ல."

"அம்புட்டு நாளா" என்றான். பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டான்.