மூன்றாவது கோல்கீப்பர்

நவம்பர் 4

அப்பாவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், கூட்டவும் மாட்டேன் குறைக்கவும் மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே மூவரும் நலம். நீங்கள் நலமா என்று அம்மா கேட்கச் சொல்லவில்லை, நானாகக் கேட்கிறேன்.

அக்காவுக்கு உங்கள் அணியில் மூன்றாவது கோல்கீப்பராகச் சேர ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறீர்கள். நான்கு நாளாக அது சாப்பாட்டு மேஜையில் கிடக்கிறது. "உங்கம்மா கோச்சா இருக்கற வரைக்கும் அந்த டீம் கடைசிதான், நீ வந்துடு" என்று போனில் சொன்னீர்களாம்.

பள்ளிக் கட்டுரைக்காக இரண்டு ஐஸ் ஹாக்கி லீக்குகளையும் ஒப்பிட்டேன். உங்கள் லீக்கில் பத்து வருடத்தில் எட்டுக் கோப்பை உங்கள் அணிக்கே. இங்கே அதே பத்து வருடத்தில் ஏழு அணிகள் ஜெயித்திருக்கின்றன. இங்கே கடைசியாக வரும் அணிதான் அடுத்த வருடம் லீக்குக்கு வரும் புதியவர்களில் முதல் ஆளை எடுக்கும். அக்கா அம்மாவின் அணிக்குக் கோல்கீப்பராக வந்தது அப்படித்தான். முதல் அணிக்கும் கடைசி அணிக்கும் இங்கே பன்னிரண்டு புள்ளிதான் வித்தியாசம், அங்கே நாற்பத்தொன்று. முடிவு தெரிந்த ஆட்டத்தை யார் பார்ப்பார்கள்?

சின்ன மகள்

நவம்பர் 13

சின்னவளுக்கு,

இது நீ எழுதியதா, உன் அம்மா சொல்லச் சொல்ல எழுதியதா? கணக்குப் போடுமுன் விதியைப் படி. அங்கே கூடுதல் நேரத்தில் தோற்றவர்களுக்கும் ஒரு புள்ளி உண்டு. தோற்றதற்குப் பரிசு. பட்டியலில் எல்லாரும் நெருக்கமாகத் தெரிவது அதனால்தான். எங்கள் லீக்கில் எப்படித் தோற்றாலும் பூஜ்யம். எல்லா அணியும் சமமாம், சமம். ஆள் தேர்ந்தெடுப்பது நான். அதனால் என் அணி ஜெயிக்கிறது. உன் அக்கா வெள்ளிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். நீ நடுவில் வராதே.

அப்பா

நவம்பர் 22

அப்பாவுக்கு,

நீங்கள் சொன்னது சரி. அந்த ஒரு புள்ளியை நீக்கினால் வித்தியாசம் பத்தொன்பது ஆகிறது. கட்டுரையில் திருத்திவிட்டேன். "உங்கப்பா கணக்குல மட்டும் தப்பு பண்ண மாட்டாரு" என்றாள் அம்மா.

விதியைத் தேடும்போது உங்கள் அணியின் ஆட்டக் குறிப்புகளையும் பழைய செய்திகளையும் படித்தேன். நான்கு வருடத்தில் மற்ற அணிகள் கேட்ட கோல்கீப்பர்கள் ஐந்து பேரை நீங்கள் எடுத்திருக்கிறீர்கள். ஐவரும் சேர்ந்து வலைக்கு முன் நின்றது மூன்று ஆட்டம். மீதியெல்லாம் பெஞ்ச். எதிரணியில் அவர்கள் நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

அக்காவிடம் காட்டினேன். அவள் இரண்டு முறை படித்தாள். பிறகு, உங்கள் லீக்கில் இரண்டாவதாக வரும் அணியும் போன மாதம் தன்னைக் கேட்டது என்றாள். அதற்கு மூன்றாம் நாள் உங்கள் போன் வந்திருக்கிறது. அதுவரை ஒன்றரை வருடம் நீங்கள் அவளிடம் பேசவே இல்லை.

"அவர் டீம்ல உக்காந்து ஜெயிக்கறதுக்கு, எதிர்ல நின்னு தோத்துட்டுப் போறேன்" என்று சொல்லி அந்த இரண்டாவது அணிக்குக் கையெழுத்துப் போட்டாள். உங்கள் காகிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அம்மாவுக்கும் கோபம். அவளிடமும் இனி நல்ல கோல்கீப்பர் இல்லை. இன்று பயிற்சி முடிந்து எல்லாரும் போன பின், அக்காவை நிறுத்தி வைத்து ஐம்பது தடவை கோலை நோக்கி அடித்தாள். ஆறுதான் உள்ளே போனது. "உங்கப்பா டீம் இடது மூலையிலதான் அடிப்பாங்க. அங்க நீ லேட்" என்றாள். பிறகு போய், அரங்கத்தின் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தாள்.