மூன்றாம் முடிச்சும் ஒரு பழைய லென்ஸும்

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

ஜொகூர் ரயில் பாதையில், ரெங்கத்தை அடுத்த சிறு நிலையம் ஒன்றில் சரக்கு எழுத்தராக இருக்கும் சபாபதி, உங்கள் தங்கை கமலத்தின் கணவன், எழுதுகிறேன். நம் வள்ளியின் கல்யாணப் பந்தலில் படத்துக்கு வெளிச்சம் வேண்டி மெக்னீசியப் பொடியைக் கொளுத்த இடம் கொடுப்பதா, மறுப்பதா என்று நான் தீர்மானித்தாக வேண்டும். நாளை சம்பந்தி வருகிறார். தனியே தீர்மானிக்க அச்சமாயிருக்கிறது. அதனால்தான், இனிப் படிக்க இயலாத உங்களுக்கு எழுதுகிறேன்.

இன்று காலை உங்கள் பிஸ்கட் தகரத்தைத் திறந்தேன். மூடியின் விளிம்பில் நீங்கள் பூசியிருந்த மெழுகைச் சுரண்டியதும் வறுத்த அரிசியின் மணம் எழுந்தது. நீங்கள் வெளியூரில் படம் எடுத்துத் திரும்பும் மாலைகளில் எங்கள் சமையற்கட்டில் நின்ற அதே மணம். கண்ணாடிக்குள் பூசணம் பிடிக்காதிருக்க, அரிசியைச் சிவக்க வறுத்துத் துணியில் முடிந்து லென்ஸோடு வைப்பீர்கள். "அண்ணனுக்குச் சோறு இல்லாட்டியும் கண்ணாடிக்கு அரிசி வேணும்" என்று கமலம் இடிப்பாள். காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பாமலே போன பிறகு அந்தத் தகரத்தை யாரும் தொடவில்லை. மூன்று மழைக்காலங்கள் அதன்மேல் கடந்துவிட்டன. லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கத் துணிவில்லாமல் மேசைமேல் வைத்துவிட்டு இதைத் தொடங்கினேன்.

சம்பந்தி மூவாரில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர், உரக்கப் பேசுவார். போன வாரம் வந்தபோது, உட்காருவதற்கு முன்னே சொல்லிவிட்டார்.

"சம்பந்தி, படக்காரர ஏற்பாடு பண்ணியாச்சு. மருந்து வெடிச்சு எடுப்பாரு. பந்தலே பகல் மாதிரி ஆயிடும்லா!"

"முகூர்த்தம் விடியறதுக்கு முன்ன. பந்தல் அத்தாப்பு ஓலைக் கூரை..." என்று இழுத்தேன்.

"அதுக்குத்தான மருந்து! இருட்டுல எடுத்து அனுப்புனா, ஊர்ல எங்கண்ணன், 'மாப்பிள்ள எங்கடா, அடுப்புக்கரிய அனுப்பிருக்க'ன்னு கேப்பாரு."

கமலம் சிரித்தாள். நானும் தலையாட்டினேன். அன்றிலிருந்து எனக்குச் சரியான உறக்கமில்லை. கண்ணை மூடினால் கூரைதான் தெரிகிறது: ஓலையின் நுனிகள், அவற்றின் கீழே காகிதத் தோரணம், தோரணத்தின் கீழே என் மகள்.

கூரைக்கு அடியில் நீங்கள் கடைசியாகப் பொடி கொளுத்திய தினத்தை உங்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. தோட்டத்துக் கோயில் பந்தல், விடாத மழை, பொடி ஈரம் கோத்திருந்தது. முதல்முறை பற்றவில்லை. தட்டில் இன்னும் கொஞ்சம் கொட்டிவிட்டு, ஏன் பற்றவில்லை என்று குனிந்து பார்த்தீர்கள். அப்போது பற்றியது. ஒரு கணம் எல்லார் முகமும் சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்து நின்றது. பிறகு தோரணம் எரிந்துகொண்டே இறங்கியது. அதன் அடியில் வள்ளி, அப்போது பாவாடை கட்டிய சிறுமி, பூத்தட்டோடு உட்கார்ந்திருந்தாள். நான் ஓடினேன். எனக்கு முன்னே சமையற்காரர் மோர் அண்டாவைத் தூக்கிவந்து அவள்மீது கவிழ்த்துவிட்டார். பாவாடை ஓரம் பொசுங்கி, தலையிலிருந்து மோர் வழிய, அவள் அழாமல் மேலே பார்த்தபடி இருந்தாள். அவள் அழுதிருந்தால் எனக்கு இத்தனை பயம் தங்கியிருக்காது.

உங்கள் வலது உள்ளங்கை வெந்துபோயிருந்தது. தோட்டத்து மருத்துவக் கொட்டகையில் கட்டுப் போடும்போது நீங்கள் கேட்டது ஒன்றே: "மாப்ள, புள்ளைக்கு ஒண்ணும் இல்லியே?" இல்லை என்றேன். கட்டு முடிந்ததும், "இனிமே கூரைக்கு அடியில நான் நெருப்பு வைக்க மாட்டேன். வெளிச்சத்த நாம உண்டாக்க வேணாம். இருக்கிற வெளிச்சத்த வாங்கிக்கிற கண்ணாடி வேணும்" என்றீர்கள்.

அதற்கு முன்பும் நான் எச்சரித்ததுண்டு. பொடி டப்பாவைப் பயணிகள் வண்டியில் ஏற்ற விதியில்லை என்று தடுத்தபோதெல்லாம், "எங்க மாப்ள ஊர்ல ரயில விட ரூல்தான் வேகமா ஓடுது" என்று கடைநிலை ஊழியர் வரை கேட்கும்படி கேலி செய்தீர்கள். கட்டுப்போட்ட கையோடு, லென்ஸ் வாங்கச் சிங்கப்பூருக்கு வண்டியேறிய நாளில் அந்தக் கேலி இல்லை. என்னை ஏன் அழைத்தீர்கள் என்று கேட்டதற்கு, "குறை கண்டுபிடிக்க ஒரு ஆள் வேணாமா?" என்றீர்கள்.

அங்கே ஒரு பழைய சாமான் கடையில் மூன்று லென்ஸுகள் நம் முன் வைக்கப்பட்டன. எண் குறையக் குறைய லென்ஸின் கண் அகலும், வெளிச்சம் மிகுதியாக உள்ளே வரும் என்பதை வழியிலேயே விளக்கியிருந்தீர்கள். முதலாவது 4.5, புத்தம் புதியது. இரண்டாவது 2, விலையைக் கேட்டதும் இருவரும் மரியாதையாகத் திருப்பி வைத்தோம். மூன்றாவது 2.9, பழையது, முன் கண்ணாடியில் மயிரிழை போன்ற கீறல், ஆனால் முதலாவதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வெளிச்சம் வாங்கக்கூடியது. நான் புதியதன் பக்கம் நின்றேன். நீங்கள் பழையதைக் கைவிளக்குக்கு முன் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். "வெளியில கீறல் இருந்தாப் பரவால்ல. உள்ள ரெண்டு கண்ணாடியும் ஒட்டுன எடத்துல புகை படிஞ்சா எல்லாம் போச்சு. இதுல புகை இல்ல."

கடைக்காரரின் அனுமதியோடு சுவரில் ஒரு செய்தித்தாளை ஒட்டிப் படமெடுத்து, அவருடைய இருட்டறையிலேயே கழுவிப் பார்த்தோம். நடு எழுத்துகள் தெளிவாயிருந்தன. ஓரத்து எழுத்துகள் கரைந்திருந்தன. குறை அகப்பட்ட மகிழ்ச்சியில் அதைச் சுட்டிக்காட்டினேன்.

"ஓரத்துல யாரு மாப்ள கல்யாணம் பண்ணிக்கிறா?" என்றீர்கள்.

கடைக்காரர் காரணம் புரியாமலே நம்மோடு சேர்ந்து சிரித்தார். "தவுக்கே, கீறல் இருக்கு பாரு, மூரா சிக்கிட்லா" என்று மலாய் கலந்து விலையைக் குறைக்கச் சொன்னீர்கள். "தா போலே, தா போலே" என்று மறுத்தவர், உங்கள் கைக்கட்டைப் பார்த்துவிட்டு ஏனோ இறங்கி வந்தார். என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டவில்லை.

அந்த லென்ஸால் எடுத்த முதல் கல்யாணப் படங்களின் கண்ணாடித் தட்டுகளை நீங்கள் ஜன்னலோரம் பிடித்துக் காட்டியது கண்முன் நிற்கிறது. காஸ் விளக்கு வெளிச்சத்துக்கு லென்ஸ் மூடியை ஒரு மூச்சு நேரமாவது திறந்து வைக்க வேண்டியிருந்தது. முதல் முடிச்சில் மாப்பிள்ளையின் விரல்கள் புகையாகக் கலைந்திருந்தன. மூன்றாம் முடிச்சில் ஒவ்வொரு விரலும் கல்லில் கொத்தியது போலிருந்தது.

"மாப்பிள்ள கை நடுங்கும், மாப்ள. மூணாவது முடிச்சுப் போடுற நாத்தனார் கை நடுங்குமா? அவ இறுக்கிக் கட்டத்தான வந்திருக்கா!"

அதன்பின் உங்கள் முறை அதுவே ஆயிற்று. எல்லாரும் முதல் முடிச்சுக்கு அட்சதை வீசுவார்கள், நீங்கள் காத்திருப்பீர்கள். மாப்பிள்ளையின் சகோதரி குனிந்து நூலை இழுத்துப் பிடித்ததும் மூடியைத் திறந்து, "முருகா" என்று மெதுவாக ஒருமுறை சொல்லி மூடுவீர்கள். வள்ளி பெரியவளான அன்று நீங்கள் சொன்னதும் நினைவிருக்கிறது: "என் மருமக கல்யாணத்துக்கு நான்தான் படம். தார வாத்ததும் உங்க வேலை முடிஞ்சுது மாப்ள, குறுக்க நிக்காம ஒதுங்கிடுங்க."

இவ்வளவு எழுதிய பின்பே லென்ஸைக் கையிலெடுத்தேன். ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். அஞ்சியது இருந்தது: விளிம்பில், சிலந்திக்கால் போல், கிளைவிட்ட ஒரு வெள்ளைப் பூசண இழை. கண்ணாடியின் ஓரமும் படத்தின் ஓரமும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். முழுதும் திறந்தால் அந்த இழையின் வழியாகவும் வெளிச்சம் வரும். படம் சற்று மங்கலாம். ஆயினும் உங்கள் குரல் ஓரத்தைப் பற்றியே கேட்டது. நான் சிரிக்கவில்லை, லென்ஸைத் துடைத்து உங்கள் படப்பெட்டியில் பொருத்தினேன்.

பரிசோதிக்காமல் எதையும் ஒப்புக்கொள்வது என் வழக்கமல்ல. புதிய தட்டுகளைப் போன வாரமே வரவழைத்திருந்தேன். எதற்கென்று கமலத்திடம் சொல்லவில்லை. மழை இருட்டு அடைந்த பிற்பகலில், ஒரு காஸ் விளக்கை ஏற்றி, வள்ளியை உட்கார வைத்து, அவள் பிடரியில் நூலொன்றை முடியச் சொன்னேன் கமலத்திடம்.

"என்னங்க இது, விளையாட்டு?"

"அசையாதே."

"அம்மா, அப்பா மாமா மாதிரியே பேசுறாரு" என்றாள் வள்ளி.

நீங்கள் கற்றுக்கொடுத்தபடி தட்டைக் கழுவினேன். மருந்துநீரில் உருவம் தோன்றும் வரை தட்டை ஆட்டிக்கொண்டிருந்தேன். ஓரங்கள் கரைந்திருந்தன. பின்சுவர் மங்கல். நடுவில், கமலத்தின் விரல்களும் முடிச்சும் மகளின் கழுத்து மயிரும் தெளிவாக இருந்தன.

அச்சம் போய்விட்டதென்று எழுதினால் பொய். தட்டு ஒன்று, கணம் ஒன்று. தவறினால் திரும்ப எடுக்க முடியாது. சம்பந்தி முகம் கோணலாம். பெண்ணின் தகப்பன் மணவறையை விட்டு எழுந்துபோய்ப் படப்பெட்டிக்குப் பின்னால் நின்றான் என்று மூவாரில் பல நாள் பேசலாம். ஆனால் அந்த அச்சங்களோடு நான் இருந்துகொள்வேன். கூரையைப் பார்த்தபடி மகளைத் தாரை வார்க்க என்னால் ஆகாது.

ஆகவே என் தீர்மானம் இது. நாளை சம்பந்தி வந்ததும், படக்காரர் முற்றத்தில், வெயில் வந்தபின், எத்தனை படமும் எடுக்கட்டும், பந்தலுக்குள் மருந்து கூடாது என்று சொல்வேன். காரணத்தையும் சொல்வேன், வள்ளியின் பொசுங்கிய பாவாடையைக் கமலம் இன்னும் வைத்திருக்கிறாள், அதைக் காட்டுவேன். புதிதாக அரிசி வறுத்துத் தகரத்தை நிரப்புவேன். முகூர்த்தத்தன்று தாரை வார்த்து முடித்ததும், நீங்கள் சொன்னபடியே, கையீரத்தைத் துடைத்துக்கொண்டு ஒதுங்குவேன். தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் உங்கள் படப்பெட்டியின் முக்காலி நிற்கும். அதன் பின்னால் நான் நிற்பேன். முதல் முடிச்சை விடுவேன், இரண்டாவதை விடுவேன். மாப்பிள்ளையின் தங்கை குனிந்து நூலை இழுத்துப் பிடித்ததும் மூடியைத் திறந்து, மெதுவாக, ஒருமுறை, "முருகா" என்பேன்.