பாலம் திறந்தால் எங்கே போய் நிற்கும்?

மே 4, ஞாயிறு

"எந்தக் கரையில?" என்று சிடோனியா கேட்டு இன்றோடு இரண்டு வாரம்.

ஈஸ்டர் அன்று மாலை, அவளுடைய தையற்கடை வாசலில். நான் கேட்டது வேறு கேள்வி: மிச்ச நாளைச் சேர்ந்து கழிக்கலாமா, கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று. அறுபத்தெட்டு வயதில் அதை வாய்விட்டுக் கேட்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு அந்தக் கேள்வி.

பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் சொன்னவன் நான். இதற்கு மட்டும், நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பி வந்துவிட்டேன். அவள் புந்தாவில் பிறந்தவள், புருஷனைப் பறிகொடுத்த பிறகும் அந்தக் கரையை விட்டு நகராதவள். நான் ஒத்ரோபந்தாக்காரன். நடுவே வளைகுடாவின் வாய், அதன்மேல் மிதக்கும் பாலம். என் மாடியிலிருந்து பார்த்தால் அவள் ஜன்னல் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

மே 9, வெள்ளி

ஊர்பின் செய்தி கொண்டுவந்தான். ஜூன் 6-ஆம் தேதி பாய்மரக் கப்பல்கள் வருகின்றன! எங்கள் தீவுக்குத் தெற்கே கிடக்கும் கண்டத்தின் அத்தனை கடற்படைகளும் பயிற்சிக்கு வைத்திருக்கும் பெரிய கப்பல்கள், ஒன்றன்பின் ஒன்றாக, பாலத்தைத் தாண்டி உள்ளே வரும். நான்கு நாள் திருவிழா.

ஊர்பின் மறைந்த என் மனைவியின் தம்பி. தள்ளுவண்டியில், கறி அடைத்த பஸ்தேச்சிப் பலகாரம் பொரித்து விற்கிறான். அவனிடம் சிடோனியா விஷயத்தை எப்படிச் சொல்வது என்று மென்று விழுங்கிக்கொண்டிருந்தேன். அவனே எண்ணெயைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"மச்சான், ஒரே பேன்ட்டை மூணு தடவை சின்னதாக்கிட்டீங்க. இன்னொரு தடவை தைக்கக் குடுத்தா அரை டிராயர் ஆயிடும். சீக்கிரம் பேசி முடிங்க."

"உனக்கு வருத்தமில்லையா?"

"அக்கா இருந்தப்பவே சொல்லுவா, இந்த மனுஷனைத் தனியா விட்டா வெறும் ரொட்டியத் தின்னே செத்துருவார்னு." சூடான பஸ்தேச்சி ஒன்றை என் கையில் திணித்தான். "தின்னுங்க. அழுவாதீங்க, உப்பு ஏற்கெனவே சரியா இருக்கு."

நான் அழவில்லை. எண்ணெய்ப் புகை.

மே 10, சனி

எனக்கு ஒரு யோசனை. கப்பல் வரும் நாளில் அவளை இந்தக் கரைக்கு வரவழைக்க வேண்டும். சதுக்கத்தின் ஓரத்தில், தண்ணீர் விளிம்பில், இரண்டு நாற்காலி. புளியம்பழச் சாறு. எதிரே கப்பல்கள். என் கரை எப்பேர்ப்பட்ட கரை என்று அவள் கண்ணாலேயே பார்க்கட்டும்.

எடுத்துக்காட்டு இல்லாமல் எந்தப் பாடமும் ஏறாது.

மே 17, சனி

போய் அழைத்தேன். ஆறு மீட்டர் நீலத் துணிக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். திருவிழாத் தோரணமாம்.

"எதுக்கு நான் அங்க வரணும்? என் ஜன்னலைத் திறந்தா கப்பல் கையில இடிக்கும். நீங்க இங்க வாங்க."

"எங்க கரையில காத்து நல்லா இருக்கும்."

"காத்துக்கு ஏது கரை? உங்க ஊருப் பேரே மறுகரைதானே, வாத்தியாரே. பேரு வச்சவனுக்கே தெரிஞ்சிருக்கு எது கரை, எது மறுகரைன்னு."

"உங்க பக்கம் பூரா கடைதான். மனுஷன் நிக்க இடமில்லை."

"அந்தக் கடையிலதான் உங்க பேன்ட்டு நாலு வாட்டி வந்துட்டுப் போச்சு."

சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. "வர்றதுக்கு மனசில்லன்னு நேரடியா சொல்லு" என்றேன். தையல் இயந்திரம் நின்றது.

"உங்களுக்கு மட்டும் மனசு இருக்கா, வர்றதுக்கு?"

திரும்பி வரும்போது பாலத்தில் மணி அடித்துவிட்டது, கப்பலுக்காகத் திறக்கப்போகிறார்கள். எல்லோரும் ஓடினார்கள். நானும் ஓடிக் கரை சேர்ந்தேன். எதிலிருந்து ஓடினேன்?

மே 18, ஞாயிறு

அவள் ஜன்னல் சாத்தியிருக்கிறது.

மே 22, வியாழன்

இன்றும்.

இடம் பிடிக்கும் வேலையை விடவில்லை. வீம்புதான். சதுக்கத்தில் நடந்து நடந்து பார்த்தேன்: பாலத்துக்கு மிகப் பக்கத்திலும் வேண்டாம், வாசலில் நெரிசல், மிகத் தள்ளியும் வேண்டாம். தண்ணீர் விளிம்பில், படகுக் கயிறு கட்டும் இரும்பு முளை ஒன்று இருக்கிறது. அதன் அருகே. அங்கிருந்து வளைகுடா முழுவதும் கை விரித்தாற்போல் தெரிகிறது. ஊர்பின் தன் வண்டியை விடியும் முன்பே பின்னால் நிறுத்தி இடத்தைக் காப்பதாகச் சொல்லியிருக்கிறான்.

"ரெண்டாவது நாற்காலி யாருக்கு மச்சான்?"

"வைக்கிறேன். அவ்வளவுதான்."

மே 29, வியாழன்

ஊர்பின் அவள் கடைக்குப் போய் வந்திருக்கிறான், சட்டைப் பித்தானைச் சாக்காக வைத்து. நான் அனுப்பவில்லை. நாற்காலி எங்கே போடப்போகிறோம் என்று கேட்டாளாம். சொன்னானாம். அவள் சிரித்தாளாம். பிறகு இதைச் சொல்லி அனுப்பினாள்:

"பாலம் திறந்தா எங்க போய் நிக்கும்னு வாத்தியாரை யோசிக்கச் சொல்லு."

அவ்வளவுதான்.

ஜூன் 1, ஞாயிறு

பாலம் திறந்தால் எங்கே போய் நிற்கும்?

மூன்று நாளாக இதே நினைப்பு. சாதாரணக் கேள்வியாகத் தெரியவில்லை. பாலம் மூடியிருக்கும்போது இரண்டு கரைக்கும் சொந்தம். திறந்துவிட்டால்? இரண்டுக்கும் இல்லை. அதாவது, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டிருக்கும்வரைதான் நாம் பாலம், விட்டுவிட்டால் வெறும் மிதவை என்கிறாளா? அல்லது, கப்பல் போல யாரோ நடுவே வருவார், அவருக்கு வழிவிட வேண்டும் என்கிறாளா? அவளுடைய மறைந்த கணவரைச் சொல்கிறாளோ? என் மனைவி லூசினாவையோ?

ஆழமான பெண். நான் அவளைத் துணி தைப்பவளாக மட்டும் பார்த்துவிட்டேனோ.

ஜூன் 4, புதன்

இன்னும் யோசிக்கிறேன். ஊர்பினிடம் என் விளக்கங்களைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "மச்சான், எனக்கு மாவு பிசையணும்" என்று போய்விட்டான்.

ஜூன் 6, வெள்ளி

பேனாவை மூன்று தடவை கீழே வைத்துவிட்டேன். சிரித்துச் சிரித்து. வரிசையாக எழுதுகிறேன்.

காலையிலேயே நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலி காலி. சதுக்கம் முழுக்க ஜனம், எதிர்க்கரை மாடிகளிலெல்லாம் தோரணம், அவள் ஜன்னலில் நீலத் துணி. ஆனால் அவள் இல்லை. துறைமுக வாய்க்கு வெளியே முதல் பாய்மரம் வெள்ளையாகத் தெரிந்தது. கூட்டம் ஆரவாரித்தது. நான் பாலத்தைப் பார்த்தேன். மக்கள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அது திறக்க வேண்டும். நம் கரையைப் பிடித்துக்கொண்டு, கதவு திறப்பதுபோல், மறுமுனை மட்டும் சுழன்று வந்து, நம் கரையோரமாக –

நம் கரையோரமாக.

என் நாற்காலிக்கு முன்னால்!

பாலம் திறந்தால் எங்கே போய் நிற்கும்? இதோ, இரும்பு முளைக்கு நேர் எதிரே, நீளவாக்கில், கைப்பிடியும் விளக்கு வளைவுகளும் அதன்மேல் நிற்கும் ஜனமுமாக. கப்பல் வரும், எனக்குத் தெரிவது பாலத்தின் விலாவும் பாய்மர நுனியும்தான். அவள் பாலத்தைத்தான் கேட்டிருக்கிறாள். வெறும் பாலத்தை! நானோ ஒரு வாரம் தத்துவம் பேசியிருக்கிறேன். வகுப்பில் இதைத் தீக்குச்சியை வைத்து எத்தனை பிள்ளைகளுக்குக் காட்டியிருப்பேன். பிறந்தது முதல் அதன்மேல் நடக்கிறேன். கண்ணுக்கு அது தெரிவதே இல்லை.

வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஊர்பினிடமிருந்து பஸ்தேச்சிப் பொட்டலம் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு பாலத்துக்கு ஓடினேன்.

"எங்க மச்சான்?"

"அந்தக் கரைக்கு!"

"இதை மே மாசமே செஞ்சிருந்தா நான் சும்மா பித்தானைப் பிச்சிருக்க வேணாமே!"

பாலத்தில் பாதி தாண்டவில்லை, மணி அடித்தது. முன்னால் இருந்தவர்கள் முன்னாலும் பின்னால் இருந்தவர்கள் பின்னாலும் ஓடினார்கள். எந்தப் பக்கம் ஓடுவது என்று நான் நின்ற இடத்திலேயே சுற்றினேன். அப்போது எதிரே, ஓடுகிறவர்களை முழங்கையால் விலக்கிக்கொண்டு, மஞ்சள் உடுப்பும் தொப்பியுமாக –

"நில்லுங்க வாத்தியாரே! ஓடாதீங்க, மூட்டு தேஞ்சிரும்!"

"நீ எங்க இங்க?"

"எங்கயா? நீங்க பாலத்து விலாவப் பாத்துக்கிட்டு நாளெல்லாம் உக்காந்திருப்பீங்கன்னு கூப்பிட வந்தேன். பதிலே காணோமே! யோசிச்சீங்களா இல்லையா?"

"யோசிச்சேன். ரொம்ப யோசிச்சேன்."

என்ன யோசித்தேன் என்று சொன்னேன். கப்பல், லூசினா, மிதவை, எல்லாவற்றையும். அவள் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. "பாலம் மறைக்கும்யா, இடத்தை மாத்துய்யான்னு சொன்னேன். அதுக்கு இம்புட்டா!"

இரண்டு பக்கமும் கதவு சாத்தியாகிவிட்டது. முனையிலுள்ள சிறு அறையில் இயந்திரம் உறுமியது. மேலே கொடி ஏறியது. ஆரஞ்சு என்றால் கொஞ்ச நேரம், நீலம் என்றால் நெடுநேரம், படகைப் பிடித்துக் கரை மாறு. இந்த ஊர்ப் பிள்ளைகள் முதலில் கற்கும் நிறங்கள் இவைதான். ஏறியது நீலம்.

பாலம் மெல்ல நகர்ந்தது. புந்தாவின் மஞ்சள், பச்சை வீடுகள் எங்களை விட்டு விலகின. அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்; பிறகு என் கையை. மிதவைகள் மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கின. பாலம் எங்களைச் சுமந்து என் கரையோரம் வந்து நின்றது. கரையில் என் இரண்டு நாற்காலிகள். ஊர்பின் ஒன்றில் உட்கார்ந்து, தெரியாத ஒரு பெண்மணிக்கு மற்றதைக் கொடுத்திருந்தான்.

"எழுதி வச்சுக்குங்க," என்றாள். "நானா இந்தக் கரைக்கு வரல. பாலம்தான் கொண்டுவந்துச்சு."

எழுதிவிட்டேன்.

பிறகு கப்பல்கள். எப்படி எழுத! குறுக்குக் கம்பங்களில், அத்தனை உயரத்தில், வண்ணச் சட்டைகளில் இளம் மாலுமிகள் கை கோத்து வரிசையாக நின்று பாடிக்கொண்டே வந்தார்கள். பாட்டு முதலில் வந்தது, பின்னால் கப்பல். கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல் அவ்வளவு பக்கத்தில் போனது. கரையிலிருந்து யாருக்கும் இப்படித் தெரிந்திருக்காது, அந்தக் கரையோ இந்தக் கரையோ. சிடோனியா தொப்பியை ஆட்டிக் கத்தினாள். நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. பஸ்தேச்சியைப் பாலத்தில் மாட்டிக்கொண்ட எல்லோருக்கும் பகிர்ந்தோம். எனக்குப் பாதிதான் கிடைத்தது.

ஒரு கப்பலுக்கும் அடுத்ததற்கும் இடையே கேட்டேன், "நீ கேட்டியே, எந்தக் கரைன்னு. எனக்கு இன்னும் பதில் தெரியலை."

அவள் கொடியைப் பார்த்தாள்.

"என்ன அவசரம்? நீலம்தானே ஏத்தியிருக்கான்."

ஜூன் 8, ஞாயிறு

கப்பலுக்குள் போய்ப் பார்க்க நெடிய வரிசை. தளத்தில் நின்ற ஓர் இளம் மாலுமியின் கைப்பட்டைப் பித்தான் தொங்கிக்கொண்டிருந்தது. சிடோனியாவின் காலரில் எப்போதும் ஊசி உண்டு. அவன் விறைப்பாக நிற்க, அங்கேயே தைத்துவிட்டாள். "அம்மாகிட்ட சொல்லாதடா, இவ்வளவு நாள் கவனிக்கலன்னு திட்டுவாங்க." அவனுக்கு எங்கள் மொழி புரியவில்லை. ஆனாலும் காது சிவந்தது.

ஜூன் 9, திங்கள்

கப்பல்கள் போய்விட்டன. அவள் ஜன்னல் திறந்திருக்கிறது.

ஜூன் 29, ஞாயிறு

இன்று தையல் இயந்திரத்தைக் கொண்டுவந்தோம். பாலம் திறந்திருந்ததால் படகில். பயணிகள் எல்லோரும் அதைச் சுற்றி நின்று, குழந்தையைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டார்கள். என் மாடி ஜன்னலோரம் வைத்திருக்கிறோம். அவளுக்குக் கடையில் இன்னொன்று உண்டு. என் புத்தகங்களில் பாதி போன வாரமே அங்கே போய்விட்டது. வேலை நாளில் அங்கே, மற்ற நாளில் இங்கே. மாதா கோயிலில் ஆகஸ்டுக்கு நாள் கேட்டிருக்கிறோம். எந்தக் கரைக் கோயில் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

ஊர்பின் சொல்கிறான்: "உங்களுக்கு இனிமே விலாசமே கிடையாது மச்சான். தபால்காரன் பாலத்து நடுவுலதான் நின்னு கூப்பிடணும்."

சிடோனியா நீலத் தோரணத்தில் ஒரு துண்டு வெட்டி இந்த ஜன்னலுக்குத் திரை தைத்துக்கொண்டிருக்கிறாள். இயந்திரச் சத்தத்தோடு இதை எழுதுகிறேன்.

யாராவது என்றைக்காவது இந்தப் பக்கத்தைப் படித்தால், ஒன்று செய்து பாருங்கள்: பாலத்தின் நடுவில் இருக்கும்போது மணி அடித்தால் ஓடாதீர்கள், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நில்லுங்கள்.