ஏரிக்கரை ரோட்டில் ஒரு சிவப்பு விளக்கு

பெயருக்கு அண்ணி, மற்றபடி என் உயிர்ச் சிநேகிதியே,

உன் மகள் கலாவுக்கு வேலை கிடைத்திருக்கிறது. பழவேற்காட்டில் ஒரு மருந்துக் கடை. நான் நண்டுக்குக் கொடுக்குக் கட்டுகிற ஷெட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான். உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அண்ணன் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. "சாயங்காலம் ஏரிக்கரை ரோட்டுல மீனுக்கு ஐஸ் ஏத்தற வண்டி இன்னா வேகத்துல வருதுனு உனக்குத் தெரியாதா செல்வி? சைக்கிளுக்குப் பின்னாடி நல்ல லைட்டா ஒண்ணு போடு. எனக்கு நம்பிக்கை வந்தா உன்கூட அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டார். வேலை விடுகிற நேரத்துக்கு பஸ்ஸும் கிடையாது. ஆக, உன் மகளின் வேலை இப்போது ஒரு சின்னச் சிவப்பு விளக்கை நம்பி நிற்கிறது.

உனக்குச் சிரிப்பு வரும். அத்தனை வருஷம் அந்தக் கரையில் நாம் விளக்கே இல்லாமல்தானே ஓட்டினோம்? ஆளுக்கொரு சைக்கிளில், நான் முன்னால், நீ பின்னால். வண்டி வந்தால் "ஓரம், ஓரம்" என்று குரல் கொடுப்பாய். நான் திரும்பிப் பார்த்ததே இல்லை. காய்ச்சலில் நீ போன பிறகு அந்த ரோட்டில் என் முதுகு வெறிச்சென்று இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது அண்ணி.

முதலில் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். வலை கிடக்கிற இடம் தெரிய அண்ணன் மிதக்கவிடுவாரே, கண் சிமிட்டுகிற விளக்கு, அதைக் கேரியரில் கட்டிக்கொண்டேன். அன்று தண்ணீர் கரைவரை ஏறியிருந்தது. மேலே பனி. ரோடு எது, ஏரி எது என்று தெரியாமல் தண்ணீர்மேலேயே மிதித்துக்கொண்டு போவது போலிருந்தது. படகில் வந்த மாரி அண்ணன், யார் வலையோ என்று விலகித் திருப்பிச் சேற்றில் மாட்டிக்கொண்டார்.

"யார்து வலை? இன்னாபா, வலை ஓடுது!"

"வலை இல்லண்ணா, நான்தான் செல்வி!"

"அட இன்னாம்மா நீ! வலை லைட்ட மாட்டிக்கினு ரோட்டுல போற?"

இப்போது ஊரில் எனக்குப் பெயரே 'ஓடற வலை'தான். சிமிட்டுகிற விளக்கு வேண்டாம், நின்று எரிவதே போதும் என்று புத்தி வந்தது.

அடுத்தது பொன்னேரியில் வாங்கினேன். போன் சார்ஜரிலேயே சார்ஜ் ஏறும். கேரியருக்கு அடியில் மாட்டினேன். நண்டுப் பையிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி, சார்ஜ் போடுகிற ஓட்டை ஒரே வாரத்தில் பச்சை பூத்துவிட்டது. எந்த இடத்தில் அணைந்தது என்றுகூட எனக்குத் தெரியாது. பின்விளக்கு ஓட்டுகிறவள் கண்ணுக்குத் தெரியாதே, நம்பிக்கொண்டு போக வேண்டியதுதான். உன்னை நம்பிப் போன மாதிரி.

மூன்றாவதைக் கலாவே தேடி எடுத்தாள். ஓட்டைக்கு இறுக்கமான ரப்பர் மூடி. சார்ஜ் குறைந்தால் பட்டன் மஞ்சளாகும், கிளம்பும்போதே தெரிந்துவிடும். ஏரித் தண்ணீரை வாளியில் மொண்டு அதில் முக்கிப் பார்த்தாள், அப்போதும் எரிந்தது. உன்னை மாதிரியே பிடிவாதக்காரி. பை மறைக்காதபடி என் சைக்கிளின் பின் மட்கார்டில் மாட்டினோம்.

நேற்று சாயங்காலம் பரீட்சை. அண்ணன் கரை முனையில் நின்றுகொண்டார். கலா முன்னாலும் நான் பின்னாலுமாகப் போனோம். காற்றே இல்லை. பூநாரைகள் தூக்கத்தில் நிற்பதுபோல் நின்றன. கருவேலம் புதர் தாண்டி வெகுதூரம் போய்த் திரும்பியபோதும் அண்ணன் அதே இடத்தில் அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.

"தெரிஞ்சிதா நைனா?" என்றாள் கலா.

"தெரிஞ்சிதும்மா. ரோட்டுல ஒண்ணு, தண்ணியில ஒண்ணு, ரெண்டு லைட்டு. உங்கம்மாவும் கூடவே போற மாதிரி இருந்திச்சி." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "திங்கக்கெழம போங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் பின்னால் நீ இருந்தாய். உன் பின்னால் யார் இருந்தார்கள் அண்ணி? அத்தனை வண்டிகளும் உன்னை உரசிக்கொண்டுதானே என்னிடம் வந்தன? 'இன்றைக்கு நீ முன்னால் போ' என்று ஒருநாளாவது நான் சொன்னேனா?

திங்கட்கிழமையிலிருந்து கலாதான் முன்னால். "ஓரம், ஓரம்" என்று நான் குரல் கொடுப்பேன். எந்த வண்டியும் என்னைத் தாண்டித்தான் அவளிடம் போக வேண்டும். அவள் திரும்பிப் பார்க்கவே வேண்டாம்.

ஒருநாளும் உனக்குப் பின்னால் வராத
உன் நாத்தனார்,
செல்வி